மேடம் பேட்டரிக்கு வைத்த டெஸ்ட்

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற காரவனின் கதவைத் திறந்ததும் மேடம் விளக்கு சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. இன்னொரு முறை தட்டினாள். சுவரில் இருந்த சின்னத் திரையிலும் எண் எதுவும் வரவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்து வெதுவெதுவென்று ஒரு புளித்த வாடை வந்தது. வெளியே பெட்டியும் பையுமாக நின்றுகொண்டிருந்த அவள் புருஷன் கண்ணாடிக்காரருக்கு அந்த நொடியே விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையில் அது பெயர். வீட்டில் மச்சினன் வைத்த பெயர் சுவிட்ச் மாமா. வீட்டை விட்டு நாலு நாள் வெளியே போவதென்றால் மனிதர் ஒவ்வொரு அறையாகப் புகுந்து புறப்படுவார். விசிறி, விளக்கு, அடுப்பு, கடிகார ரேடியோ, எதையும் விட மாட்டார். எல்லாரும் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும், "ஒரு நிமிஷம்" என்று திரும்பி ஓடுவார். இந்த முறை மேடத்தின் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தார்கள். கிளம்பும்போது அப்படி ஓடியபோதுதான் பின்பக்கக் கொட்டகையில் இருந்த சுவிட்சையும் அணைத்துவிட்டு வந்தார். காரவனுக்கு மின்சாரம் போகும் ஒயர் அதிலிருந்துதான் வருகிறது. சார்ஜர் நின்றுபோனது. நன்றாகக் குளிர்கிறதா என்று பார்ப்பதற்காக மேடம் ஓடவிட்டிருந்த குளிர்ப்பெட்டி, கரண்ட் இல்லையென்றதும் பேட்டரிக்குத் தாவிக்கொண்டது. அது போதாதா? ஒரு வாரத்தில் பேட்டரியை ஒட்ட ஒட்டக் குடித்துத் தீர்த்துவிட்டது.

"யாருங்க கொட்டகை சுவிட்ச ஆஃப் பண்ணது?" என்று மேடம் உள்ளேயிருந்தே கேட்டாள். அந்த வீட்டில் கேட்கவே தேவையில்லாத கேள்வி அது.

"கரண்டு வீணாப் போகுமேன்னு..." என்று கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். காரவனில் இருக்கிற பேட்டரி வண்டியை இழுப்பதற்கல்ல. எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்திய பிறகு உள்ளே விளக்கும் தண்ணீர்க் குழாயும் ஓடுவதற்கு. இவர்களுக்கோ அதையெல்லாம் விட முக்கியமான வேலை ஒன்று அதற்கு இருந்தது. கண்ணாடிக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மூக்கில் மாட்டிக்கொள்கிற முகமூடியும், காற்றை ஊதுகிற மெஷினும் இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தச் சனிக்கிழமை அவர்கள் போகவிருந்த இடம் மலைமேல் ஓர் ஏரிக்கரை. அங்கே கரண்டு கம்பியே கிடையாது. காரவனை நிறுத்தலாம், அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் அந்த ஏரிக்கு வருடம் தவறாமல் போவார்கள். விடிந்தும் விடியாமலும் மேடம் தண்ணீரில் இறங்கிவிடுவாள். குளிரில் பல் கிட்டிக்கொள்ள, நடு ஏரியிலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்வாள். மெஷின் வீட்டுக்கு வந்தது, ஏரிக்குப் போவது நின்றது. "எனக்கென்ன ஆசை, வயசாயிடுச்சு" என்பாள் கேட்டால். பச்சைப் பொய். மச்சினன் தன் பழைய காரவனைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திய பிறகு, ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் அதற்குள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே தெரிகிற மதில் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடிக்காரர் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். தன்னால்தான் இவளும் வீட்டோடு கிடக்கிறாள் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். இப்போது இந்த பேட்டரியையும் அவரே சாகடித்துவிட்டார். பேட்டரிக் கடையில் கேட்டால் அந்த அளவில் புதிது வர மூன்று வாரம் ஆகுமாம். அதற்குள் சீசன் முடிந்து ஏரிக்கரையை மூடிவிடுவார்கள். பிறகு அடுத்த வருடம்தான்.

மேடத்தின் உத்தியோகம் வண்டி ஓட்டக் கற்றவர்களுக்கு டெஸ்ட் வைப்பது. லைசென்ஸ் ஆபீசில் அவள் பெயரைக் கேட்டாலே ஆட்கள் வேறு தேதி கேட்பார்கள். அழுதாலும் ஃபெயில், தெரிந்தவர் என்றாலும் ஃபெயில். சொந்தத் தம்பியையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவள். ஆனால் ஒருவரையும் அதட்டிப் பேசியதில்லை. அப்படிப்பட்டவள் கையில் இப்போது பேட்டரி மாட்டியது.

முதலில் அதன் பெட்டியைத் திறந்து, தொடாமல், சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எங்கேயாவது வீங்கியிருக்கிறதா, விரிசல் உண்டா, கசிந்திருக்கிறதா. குனிந்து முகர்ந்தாள். அழுகிய முட்டை வாடை வந்தால் கதை முடிந்தது என்றாள். வரவில்லை. முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைக் கையுறை மாட்டிக்கொண்டு துடைத்தாள். மீட்டரை வைத்தபோது ஒன்பது வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டிய இடம். கண்ணாடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. சார்ஜரை மெதுவான வேகத்தில் வைத்துவிட்டு, கொட்டகை சுவிட்சின்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினாள். அவ்வளவுதான் தண்டனை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இரண்டாவது தடவை கேட்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே இவளுக்குக் கோயில் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது.

சார்ஜ் ஏறி முடிந்த அன்று மச்சினன் வந்தான். வந்த வேகத்தில் மீட்டரை எடுத்து வைத்தான்.

"பதிமூணு காட்டுதுக்கா! சூப்பர். சுவிட்ச் மாமா, தப்பிச்சீங்க, மூட்டையக் கட்டுங்க!"

கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். மேடம் மீட்டரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சார்ஜர்லேர்ந்து எடுத்த உடனே எல்லா பேட்டரியும் நல்ல புள்ளையாத்தான்டா இருக்கும். எதையும் மாட்டாம, சும்மா ஒரு நாள் கிடக்கட்டும். அப்புறம் காட்டுற நம்பர்தான் நம்பர்."

"அக்கா, நீ ஒரு பேட்டரியக்கூட ஃபெயிலாக்காம விட மாட்டியா?"

"ஃபெயிலாகுறது நானில்லடா" என்று சொல்லிவிட்டு, கொட்டகை சுவிட்சை அணைத்து மறுபடியும் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மேடம் ஆபீஸ் போன பிறகு கண்ணாடிக்காரர் கடைக்குக் கிளம்பினார். கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது, இன்னும் இறங்கும் போலிருந்தது. மாலையில் இவள் வந்து பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், "சரி விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பாள், போய் அந்த மதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அதை நினைக்கவே அவரால் முடியவில்லை. கொட்டகைக்குப் போனார். பிளாஸ்திரியை உரித்தார். வாழ்நாளெல்லாம் சுவிட்சை அணைத்துக்கொண்டே திரிந்த மனிதர், முதல் தடவையாகத் திருட்டுத்தனமாக ஒன்றைப் போட்டுச் சார்ஜரை ஓடவிட்டார். மத்தியானம் வந்து மறக்காமல் அணைத்து, பிளாஸ்திரியைப் பழையபடி ஒட்டிவிட்டு, பூனை மாதிரிப் போய்விட்டார்.

மாலையில் மேடம் மீட்டரை வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். பேட்டரியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நேத்து நான் சும்மா விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம் இதுக்கு யாருங்க ட்யூஷன் எடுத்தது?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கண்ணாடிக்காரர் காரவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஆசப்பட்டுக் கேட்டதே இல்ல. இது ஒண்ணுதான். அதையும் நானே கெடுத்துட்டேன்னு இருக்கும்மா. எப்படியாவது பாஸாயிட்டாப் போதும்னு..."

"பாஸாயிடும். நானும் நம்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்." அவள் மீட்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினாள். குரல் உயரவேயில்லை. "அங்க நடு ராத்திரில இது நின்னா, யாருக்குங்க நிக்கும்?"

ஒயரைச் சுற்றிய விரல்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றின. ஊரையே நடுங்க வைக்கிறவள் பயந்துபோயிருக்கிறாள் என்று கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் இந்தச் சோதனையை ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கேட் என்றுதான் நினைத்திருந்தார். அவளுக்கு அது அப்படியல்ல. தன் புத்தியை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. "திரும்ப முதல்லேர்ந்து வைம்மா" என்றார்.

முதலிலிருந்து வைத்தாள். மறுபடியும் ஒரு நாள் சும்மா கிடந்தது. இந்த முறை யாரும் பக்கத்தில் போகவில்லை. காட்டிய எண் பன்னிரண்டரைக்கு ஒரு நூல் கீழே. நல்லதுமில்லை, கெட்டதுமில்லை.

"அடி வாங்கியிருக்கு. பழைய தெம்பு இல்ல" என்றாள். "ஆனா எவ்வளவு தாங்கும்னு நம்பரப் பாத்துச் சொல்ல முடியாது. ரோட்டுல ஓட்டிப் பாக்கணும்."

"ரோட்டுலயா?"

"உங்க மெஷின மாட்டி ஓட்டுறது. உள்ள போய்ப் படுங்க."

"பட்டப்பகல்லயா? கடை?"

"கடைக்கு லீவு. நானும் லீவு போட்டாச்சு. ஒரு ராத்திரி நீளத்துக்கு ஓடணும். பன்னிரண்டுக்குக் கீழ இறங்கினா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். சும்மா படுத்துட்டு ஏமாத்தக் கூடாது, தூங்கணும். நீங்க தூக்கத்துல மூச்சு விட்டாத்தான் மெஷின் சரியா கரண்ட் இழுக்கும்."

காரவன் கட்டில் குட்டையாக இருந்தது. முழங்காலை மடக்கிக்கொண்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்காரர் படுத்தார். மேடம் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். எதிரே இருந்த பலகையில் மீட்டரோடு உட்கார்ந்தாள். மெஷின் மெல்ல ஊத ஆரம்பித்தது. இப்படி ஒருத்தி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எவனுக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தார். கூரையில் ஒட்டியிருந்த ஒரு பழைய பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

விழித்தபோது திரையின் ஓரத்தில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. எவ்வளவு நேரம் தூங்கினார் என்று தெரியவில்லை. மெஷின் ஊதிக்கொண்டுதான் இருந்தது. சந்தோஷத்தில் எழுந்து, பாஸா என்று கேட்கப் போனவர், அப்படியே இமையை முக்கால்வாசி மூடிக்கொண்டார். மேடம் காலையில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் பாட்டில் திறக்காமல் பக்கத்திலேயே நின்றது. மீட்டர் மடியில் கிடந்தது. அவள் கண் அதன்மேல் இல்லை. போர்வைக்கு மேலே, அவர் மார்பு ஏறி இறங்குகிற இடத்தில் இருந்தது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று டாக்டருக்கு முன்னால் கண்டுபிடித்தவள் இவள்தான். அதை எத்தனை ராத்திரி இப்படி உட்கார்ந்து கண்டுபிடித்தாள் என்று இதுவரை அவர் கேட்டதில்லை.

அவர் மூச்சை இழுக்கும்போது அவள் தோளும் மெல்ல ஏறியது. விடும்போது இறங்கியது. முதலில் தற்செயல் என்று நினைத்தார். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். தோள் ஏறியது. சிரிப்பு வந்தது அவருக்கு. முகமூடிக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சும்மா ஒரு குறும்புக்கு, இழுத்த மூச்சை விடாமல் நிறுத்தினார்.

அவள் தோளும் ஏறிய இடத்தில் அப்படியே நின்றது. மடியிலிருந்த மீட்டர் சரிந்து தரையில் விழுந்தது. அவள் குனியவில்லை.

அவர் பதறிப்போய் மூச்சை விட்டார்.