ஏழாம் வாய்ப்பாட்டுத் தாளாளர்

"அட்டையில என் பேரப் போடுங்க" என்று முத்துச்செல்வி டீச்சர் கேட்ட மறுநாள், தென்காசியில் பள்ளிக்கூடம் நடத்தும் ஜெகதீஸ்வரனுக்கு ஏழாம் வாய்ப்பாட்டைத் தவிர வேறு பேச்சு வராமல் போனது. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் அவளுடைய அம்மா மாரித்தாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "வேல பாக்க எடத்துல கூலியக் கேளு ஏட்டி, பேரக் கேக்காத." அந்த வீட்டின் முதல் பட்டதாரி பேரைக் கேட்டுவிட்டாள்.

பாடமுறை அவளுடையது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தகிட தகதிமி என்று மேசையில் மூன்றும் நாலுமாகத் தட்டுவார்கள். தட்டுக்கு ஒரு சொல்லாக, ஏழு சொல்லில் ஒரு வரி எழுதுவார்கள். 'மெயினருவிக் குரங்கு ஷாம்பு பாக்கெட்டைக் கடித்து நுரை தள்ளியது' என்று தொடங்கினாள் மாடத்தி. கதை வரிவரியாக வளர, வாய்ப்பாடும் கூடவே வளர்ந்தது. கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை ஒன்பது வரியில், அறுபத்து மூன்று சொல்லில், குரங்கை மலையேற்றி விட்டது. ஜெகதீஸ்வரன் டீச்சரின் நோட்டைக் கேட்டு வாங்கித் தன் பெயரில் புத்தகமாக அச்சடித்தார். அவள் கேட்டபோது ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "மூட்ட தூக்குதவ மவளுக்கு அட்டையில பேரு கேக்குதோ?"

மறுநாள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் வெளியீடு. மைக்கைப் பிடித்தவர் "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு" என்று ராகத்தோடு தொடங்கினார். கூட்டம் கை தட்டியது. எழுபதைத் தொட்டு மறுபடி ஏழுக்கு வந்தபோதுதான் தட்டுவதை நிறுத்தினார்கள். பேனாவை எடுத்தாலும் அதே வாய்ப்பாடுதான் வந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள். சீசன் முழுக்க ஐந்தருவியில் தலையைக் கொடுத்தார், எண்ணெய் தேய்ப்பவர்கள் உச்சியில் மிதித்த மாதிரி தேய்த்தார்கள். சளிதான் பிடித்தது. இரண்டு வருஷத்தில் ஊர் பழகிக்கொண்டது. 'நாலேழ் இருபத்தெட்டு' என்றால் சீனி இல்லாத டீ என்று கடைக்காரருக்குத் தெரியும்; 'எட்டேழ்' என்று இழுத்தால் கோபம். காலைக் கூட்டத்தில் அவர் பேசுவதைத் தினமும் கேட்பதற்காகவே முத்துச்செல்வி கூடுதல் சம்பளத்தில் வந்த இரண்டு வேலைகளை விட்டாள்.

கடைசியில் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் கிடந்த புத்தகத்தின் புது அட்டையில் அவர் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், அவள் பெயர் இருந்தது.

"நீங்க நெனச்சா இந்தச் சாபத்த எடுத்துரலாம்லா டீச்சர்," என்றார் கிளார்க் பெலிக்ஸ். "மனுசன் பாவம்லா."

"எப்படிப் போடுததுன்னே எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எடுக்கத் தெரிஞ்சாலும் எடுக்க மாட்டேன்."

ஜெகதீஸ்வரன் கை கூப்பினார். கண் நிறைந்திருந்தது. "ஓரேழ் ஏழு," என்றார் மெதுவாக. அவள் பத்தேழ் எழுபது வரை பொறுமையாக நின்று கேட்டாள். நன்றாக இருந்தது. புளியறைப் பள்ளியில் சேரும் உத்தரவு ஒரு வாரமாக அவள் பையில் இருந்தது. ராஜினாமாக் கடிதத்தை அந்த அட்டையின் மேல் வைத்துவிட்டு, சாரலில் இறங்கி நடந்தாள்.