மழையில் வண்டி தானாக மெதுவாகும்

எங்கள் தெருவில் 'மெதுவா சார்' என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா"தான். கடையில் சர்க்கரை நிறுக்கிறவரைக்கூட விடமாட்டார். நாலு தூறல் விழுந்தால் போதும், வாசல் கேட் அருகே நின்று போகிற வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பார்.

"ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா வண்டி நிக்க ரெண்டு மடங்கு தூரம் வேணும்மா. காஞ்ச ரோடுன்னு நெனச்சுக்கிட்டுப் போனா அவ்வளவுதான்."

குடையோடு நடந்து போகிற எனக்கு இது எதற்கு? ஆனாலும் நின்று கேட்பேன். அவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

உள்ளே இருப்பது ஒரே மகள். இருபத்து நாலு வயதாகியும் அவருக்குப் பாப்பா. ஊரார் பிள்ளைகளுக்கு இருபது நாளில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், இவளை மட்டும் ஸ்கூல் காரில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வருஷம் ஓட்ட வைத்தார்.

"உங்க பாப்பா என்ன ராக்கெட்டா ஓட்டப் போகுது?" என்று கேட்டேன். சிரித்தார்.

லைசென்ஸ் வந்தது. பழைய கார் ஒன்றும் வந்தது. இரண்டாவது வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல மழை. பள்ளிக்கூடத்து முனையில் எங்கள் தெருத் தையல்காரம்மா வெள்ளைக்கோடு போட்ட இடத்தில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். பாப்பா பிரேக் போட்டாள். கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தையல்காரம்மாவின் உயிர் போய்விட்டது. என் ஜன்னல் திரை இன்னும் அவர் மெஷினில்தான் இருக்கிறது, பாதி தைத்தபடி.

போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பாப்பாவிடம் தனியாக விசாரித்தார்கள். "எப்பவும் போடற இடத்துலதான் பிரேக் போட்டேன். லாண்டரி போர்டு கிட்ட. மழையில வண்டி தானா மெதுவாகுமே, அன்னைக்கு ஆகல" என்றாளாம். இது தெருவுக்கு வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதில் என் பங்கும் உண்டு. வாத்தியார் மகளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பேப்பர் கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்த வாயோடு அவரிடமே போய்க் கேட்டும் வைத்தேன்.

"பாப்பா ஏதோ உளறிச்சாமே சார், மழையில வண்டி தானா மெதுவாகும்னு?"

அறை வாங்கியவர் மாதிரி நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். சூப் கொடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரத்தில் நானும் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. காது என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே கழற்றி வைப்பது?

"ஸ்கூல் கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல, பாப்பா."

"ஆமா."

"மழை பெஞ்சா, பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி வளைவு திரும்பினதுமே நான் அதை அழுத்திடுவேன். லேசா. உனக்குத் தெரியாம."

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."



"மழையில வண்டி தானா மெதுவாகுதுப்பான்னு சொன்னேனே. சிரிச்சீங்களே."

"உண்மையச் சொன்னா நீ பயந்துடுவேன்னு விட்டுட்டேன்மா. பயந்தா ஸ்டியரிங்கையே தொடமாட்ட."

"அப்போ நான் ஒரு மழையிலயாவது வண்டி ஓட்டியிருக்கேனா?"

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்குத்தான் முதல் தடவை" என்றாள் பாப்பா. அழவில்லை. அழுதிருந்தால் நான் உள்ளே போயிருப்பேன்.

"நான் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுத்துடறேன். தப்பு என்னோடது. உன்னோடது இல்ல."

"அதையும் எனக்குப் பதிலா நீங்களே அழுத்திடுவீங்களா?"

சூப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெருவில் இரண்டு பேர் என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். அவர்கள் நம்பவில்லை, என்னைப் பற்றித் தெரிந்தவர்கள் எப்படி நம்புவார்கள்?

மறுநாள் இருவரும் தனித்தனியாக ஸ்டேஷனுக்குப் போய்த் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை பாப்பா ஒரு பையோடு வெளியே வந்தாள். ஆபீஸ் தோழியின் வீட்டில் தங்கப் போகிறாளாம். தூறிக்கொண்டிருந்தது. பின்னாலேயே கார்ச் சாவியோடு அவர் ஓடி வந்தார்.

"இரும்மா, மழை. நான் கொண்டுபோய் விடறேன்."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நடந்தே போய்க்கறேன்ப்பா" என்றாள் அவள், திரும்பாமல்.

அவரும் நடந்தார். கிட்டே போகவில்லை. அவள் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றபோது அவரும் நின்றார், ஏழெட்டு வீடு தள்ளி. அவள் நடந்ததும் நடந்தார். பஸ் வந்தது, அவள் ஏறினாள், பஸ் போனது. காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டு அவர் அதே தூரத்திலேயே நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார்.