மறுபடி உடையுமா

அத்தான் அந்தக் காரை வாங்கியபோது வீட்டில் குழந்தை பிறந்ததைப் போல ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கறுப்பு வண்டி, உள்ளே தேன் நிறத்தில் தோல் இருக்கைகள். கைப்பிடிகள் கதவோடு கதவாகப் படுத்திருக்கும். சாவியோடு பக்கத்தில் போனால் தானாக வெளியே நீளும். அத்தான் வந்தவர்களுக்கெல்லாம் அதை நீட்டவும் மடக்கவும் செய்து காட்டி, கடைசியில் அவரே அலுத்துப்போய் உட்கார்ந்தார்.

"உங்க கம்பெனி வண்டிதான், சின்னவளே. நம்ம வீட்டு ஆளு அங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை?" என்றார்.

சின்னவள் என்பது அத்தானின் மனைவிக்குத் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் அவள் பெயர். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் முன்மேஜையில் வேலை. வண்டியோடு வருகிறவர்களின் புலம்பலைக் கேட்டுக்கொள்வது, உள்ளே மெக்கானிக்குகளிடம் சொல்வது, அவர்கள் கண்டுபிடித்ததைப் பூசி மெழுகி உரிமையாளரிடம் திரும்பச் சொல்வது. இந்தப் பூசி மெழுகுவதுதான் கஷ்டம். அதற்கென்று தனியாகப் பயிற்சியே கொடுத்திருந்தார்கள்.

அத்தானுக்கு ஃபர்னிச்சர் கடை. கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை. இருபது வருஷம் மரத்தூளையும் பசையையும் சுவாசித்துச் சம்பாதித்த ஆள். ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார் என்று அக்காவே சொல்வாள்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷம் கோடையில், கதவின் உட்பக்கக் கைப்பிடியில் பூசியிருந்த மெத்தென்ற கறுப்புப் பூச்சு இளகத் தொடங்கியது. தொட்டால் கையில் ஜவ்வு மாதிரி ஒட்டியது. அக்கா முகப்பவுடர் போட்டுத் துடைத்துப் பார்த்தாள். கைப்பிடி சாம்பல் பூத்ததுதான் மிச்சம். பிறகு டேஷ்போர்டுக்குள்ளிருந்து எலி கொறிப்பதைப் போல டிக்டிக்கென்று ஒரு சத்தம். பிறகு நடுவில் இருந்த பெரிய திரை நினைத்த நேரத்தில் இருண்டு, நினைத்த நேரத்தில் உயிர்த்தது.

ஒவ்வொரு தடவையும் அத்தான் சின்னவளின் மேஜைக்கு வந்து நின்றார். அங்கே பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால் அவள் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவருக்கு அதில் ஒரு விளையாட்டு.

"மேடம், என் வண்டிக்குள்ள ஒரு எலி குடித்தனம் பண்ணுது. வாடகை வாங்கித் தருவீங்களா?"

"பாக்கச் சொல்றேன் சார். ஒக்காருங்க சார்."

சிரித்துக்கொண்டுதான் எழுதுவாள். ஆனால் உள்ளே போய் வரும்போது சிரிப்பு குறைந்துவிடும். பட்டறையின் மூலையில் ஒரு டிரம் இருந்தது. இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஓடுகிற குழாய்களின் உடைந்த மூட்டுகள் அதில் கிடக்கும். எல்லாம் பிளாஸ்டிக். சூட்டில் வெந்து வெந்து, விரலால் அழுத்தினாலே ரொட்டித் துண்டு போல நொறுங்கும். டிரம் நிரம்பும், காலியாகும், மறுபடி நிரம்பும்.

"முன்னாடி இத அலுமினியத்துல பண்ணாங்க," என்று ஃபோர்மேன் ஒருமுறை சொன்னார். "இப்ப பிளாஸ்டிக். எடை குறையுது, அவங்களுக்குச் செலவு குறையுது. நமக்கு மட்டும் வேலை குறைய மாட்டேங்குது."

அதே கம்பெனியின் பழைய வண்டிகள் சிலவும் அங்கே வரும். தலை நரைத்தவர்கள் ஓட்டி வருவார்கள். எண்ணெய் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவற்றைவிட மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய புதிய வண்டிகள்தான், உத்தரவாதக் காலம் முடிந்த கையோடு இழுவை லாரியின் முதுகில் ஏறி வந்து சேர்ந்தன.

அத்தானின் வண்டி அப்படி வந்த நாள், அவருடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வைத்திருந்த நாள்.

பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பின் இருக்கையில், மருத்துவமனைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் முன்னால் குபுகுபுவென்று ஆவி. அத்தான் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினோடு சேர்ந்து மற்றதும் செத்தது. திரை இருண்டது, ஏசி நின்றது, கண்ணாடி இறங்கவில்லை. அத்தான் எப்படியோ தன் கதவைத் தள்ளி வெளியே வந்துவிட்டார். பின் கதவுகள் உள்ளிருந்தும் திறக்கவில்லை, வெளியே கைப்பிடியும் நீளவில்லை. நகத்தை விட்டு நெம்பினார், கதவை அறைந்தார், சாவியை அதன் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். அது படுத்தது படுத்தபடி கிடந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே பெரியவரின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் கல்லைத் தூக்கிக்கொண்டு, "உடைச்சிடலாமா?" என்று நின்றான். பெரியவர் உள்ளிருந்தே கையை ஆட்டி வேண்டாம் என்றார். பையை முன்னால் எறிந்தார். பிறகு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் காலைத் தூக்கிப் போட்டார். டம்ளர் வைக்கிற குழிக்குள் கால் மாட்டிக்கொண்டது. ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் செருப்பைக் கழற்ற, அத்தான் இடுப்பைப் பிடித்து இழுக்க, எழுபத்தைந்து வயது மனிதர் டிரைவர் கதவு வழியாகத் தலைகீழாகப் பிறந்து வந்தார். இரண்டு பேர் அதைப் போனில் படம் எடுத்தார்கள்.

அந்த வழியாக வந்த பேக்கரி வேன்காரர்தான் நிறுத்தி, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி அவர்களை மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார். பெரியவருக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் கத்தியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டு, அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டார்.

மறுநாள் காலை அத்தான் சர்வீஸ் சென்டருக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. மேடம் என்று கூப்பிடவில்லை. மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குழாய் மூட்டு உடைஞ்சிருக்கு சார்," என்றாள் சின்னவள். "மாத்திடலாம். கதவையும் பாக்கறாங்க."

"மாத்தினா மறுபடி உடையுமா?"

"ஒரிஜினல் பார்ட்ஸ்தான் போடுறோம் சார்."

"நான் அதக் கேக்கல."

"கம்பெனி சோதிச்சுப் பாத்துதான் சார் அனுப்புது..."

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியேதான் சொன்னாள். வாய் சொல்லிக்கொண்டே போக, மனசு எங்கோ பின்தங்கி நின்றது. அத்தான் முன்னால் சாய்ந்து குரலைத் தணித்தார். கோபத்தைவிட அந்தத் தணிந்த குரல்தான் அவளை உலுக்கியது.

"சின்னவளே. அடுத்த வாரம் அப்பாவ இதுல ஏத்தட்டுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

அவள் மேஜைமேல் சிவப்பாக மினுங்கிய பதிவு விளக்கைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏத்தாதீங்க அத்தான். மறுபடி உடையும். அதே பிளாஸ்டிக்தான் வந்திருக்கு. இந்த மாடல் எல்லாத்துலயும் உடையுது."

குரலைத் தாழ்த்த மறந்துவிட்டாள். சோபாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நெட்டையான ஒரு பெண்மணி கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த மாடல்ங்க? என்னுது வெள்ளை. அதேதானே இது?" அவருக்குப் பக்கத்திலிருந்தவர் செய்தித்தாளை மடித்தார். ஐந்தே நிமிஷத்தில் மேஜையைச் சுற்றிக் கல்யாண வீட்டுப் பந்தியைப் போல ஆட்கள் நின்றார்கள்.

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ சொன்னது பொய்னு நான் சொல்லல. சொல்ல வேண்டிய எடம் அதில்ல."

"நேராக் கேட்டாரு சார். எங்க அக்கா வீட்டுக்காரர்."

"எல்லாரும் யாருக்காவது வீட்டுக்காரர்தாம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்ன வேலைய விட்டு அனுப்பினா நாளைக்கு வேற பேச்சாயிடும். பின்னால பழைய வண்டி வாங்குற பிரிவுக்கு ஆள் வேணும். கொடுக்க வர்ற வண்டியப் பாத்து மதிப்புப் போடணும். அங்க போ. அங்க நீ எவ்வளவு வேணும்னாலும் உண்மை பேசலாம்."

அப்போது அவளுக்கு அது விளங்கவில்லை. பின்கட்டிடத்துக்குப் போன பிறகுதான் விளங்கியது. வண்டியை விற்க வருகிறவர்களிடம், இது இளகும், அது நொறுங்கும், இந்தத் திரை இருண்டுவிடும் என்று புட்டுப்புட்டு வைக்க வேண்டும். சொல்லச் சொல்ல அவர்கள் கேட்கிற விலை இறங்கும். முன்மேஜையில் எந்த வார்த்தைக்காக அவளைத் தூக்கினார்களோ, அதே வார்த்தைக்காக இங்கே முதுகில் தட்டினார்கள். மாதக் கூட்டத்தில் மேனேஜர் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தார். அவளுக்குக் கூசியது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள்.

பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாடகை வண்டியில் போய்விட்டு வந்தார்கள். அத்தானின் கார் குழாய் மாற்றி வீட்டுக்கு வந்தது. ஆனால் அதில் ஏற ஆள் இல்லை. அக்கா பிள்ளைகளைப் பின்னால் உட்கார விடமாட்டாள். பெரியவர் அதன் பக்கமே திரும்புவதில்லை. அத்தான் மட்டும் தினமும் துடைத்தார்.

ஒரு பிற்பகல், பின்கட்டிட வாசலில் அந்தக் கறுப்பு வண்டி வந்து நின்றது. அத்தான் இறங்கினார். மெழுகு பூசித் தேய்த்திருந்தார், டயர்கூடப் பளபளத்தது.

"பாத்துச் சொல்லு," என்றார்.

"வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமா அத்தான்?"

"ஏன்? நீதான் இங்க பெரிய ஆளாமே."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். கைப்பிடியைத் தொட்டாள், ஒட்டியது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தாள். மாற்றிய மூட்டில் மயிரிழை போல ஒரு கீறல் அதற்குள் விழத் தொடங்கியிருந்தது. ஒன்றையும் மறைக்காமல் எழுதி, தாளை நீட்டினாள். அத்தான் படித்தார். தாடை இறுகியது. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"பழைய பீரோ எடுக்கும்போது நானும் இப்படித்தான் தட்டித் தட்டிப் பாப்பேன்," என்றார் கடைசியில். "எதிர்ல நிக்கிறவன் மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேன்."

"வேண்டாம்னா எடுத்துட்டுப் போங்க அத்தான். இன்னும் நல்லாத்தான் ஓடும், கொஞ்ச நாளைக்கு."

"கொஞ்ச நாளைக்கு ஓடுறதுக்கா நான் வாங்கினேன்?"

கையெழுத்துப் போட்டார். சாவியை மேஜைமேல் வைத்தார். அதன் மேலிருந்து கையை எடுக்கத்தான் நேரமானது.

சின்னவள் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டு அவரோடு நடந்தாள். இருவரும் பஸ் ஏறினார்கள். எந்த வாசலில் ஏறுவது என்றுகூட அத்தானுக்கு மறந்து போயிருந்தது. கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் நின்றார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் உட்கார்ந்தார்.

"இனிமே அத யார் தலைல கட்டுவாங்க?" என்று கேட்டார்.

"மெருகேத்தி முன்னால நிறுத்துவாங்க. விக்கிறது வேற ஆளு."

"வாங்க வர்றவன் உன்னப் பாத்து, 'வண்டி எப்படிம்மா?'ன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லுவேன்."

"இந்தத் தடவ உண்மையிலேயே வேலை போயிடும்."

"போகட்டும் அத்தான். ரெண்டு எடத்துல ரெண்டு வாய் வச்சுக்கிட்டுத் திரிய முடியல."

அத்தான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் திரும்பினார்.

"அப்படி ஆச்சுன்னா என் கடைக்கு வந்துடு. கணக்குப் பாக்க ஆள் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா கல்லாவுல ஒக்காந்துக்கிட்டு பீரோவப் பத்தி மட்டும் வாயத் தொறக்கக் கூடாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அத்தான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அது சிரித்ததால் வந்த தண்ணீர் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். நடந்து வந்த இருவரையும் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் ஆளில்லாத தெருவைப் பார்த்தாள்.

"வித்துட்டீங்களா?"

அத்தான் தலையை ஆட்டினார்.

அக்கா ஏதாவது ஆறுதல் சொல்லுவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அக்கா காலியாகக் கிடந்த கார் நிறுத்துமிடத்தை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கண்ணாலேயே அளந்தாள்.

"நல்ல வெயில் வர்ற எடம்," என்றாள். "நாளைக்கு ரெண்டு ஆணி அடிச்சுக் கொடி கட்டிக் குடுங்க. துணி காயப் போட எடமில்லாம எத்தன நாளா அல்லாடுறேன்."

மறுநாள் காலை அத்தான் கடைக்குப் போகும் முன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து ஆணி அடித்தார்.