சிங்கப்பூர் வளையல்

“அந்த நாலு வளையலும் உங்களோடதுன்னு நீங்களே வந்து சொல்லணும், மாமா.”

சப்ரின் கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுடைய அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியமாவது மண்ணாவது. நாளைக் காலை மதுரையில் சுங்க அதிகாரி முன்னால் நிற்கப் போவது அம்மா இல்லையே.

சாக்லேட் நிறுத்துக்கொண்டிருந்த ஒலியுல்லா தலையைத் தூக்காமல், “மெதுவா பேசு புள்ள. கஸ்டமர் நிக்கிறாங்க” என்றார்.

கொடைக்கானல் பஜாரில் தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை அது. அவள் பட்டம் வாங்கிய சந்தோஷத்துக்கு என்று சொல்லித்தான் மாமா குடும்பம் அவளையும் சிங்கப்பூர் கூட்டிப்போனது. திரும்புவதற்கு முந்தின நாள், ஓட்டல் அறையில், மாமி மரியம் பீவி அவள் கைகளில் வளையல்களை மாட்டி, “இனி நீ எங்க அப்சலுக்குத்தான்” என்று நெற்றியில் முத்தமிட்டாள். மாமியார் வளையல் போட்டால் பெண் பேசி முடிந்தது என்று அர்த்தம். சப்ரின் அழுதுவிட்டாள். இப்போது நினைத்தால் அந்த அழுகைதான் அவளுக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது.

அப்போதே போனில் சுங்க விதியைத் தேடிப் படித்துக் காட்டினாள். பொம்மை, சாக்லேட், கோடாலித் தைலம் எல்லாம் சரி. வெளிநாட்டில் வாங்கிய தங்கத்தை இறங்கியதும் சொல்லியாக வேண்டும். மாமா சிரித்தார். “கைல போட்டிருக்கறத எவன் கேப்பான்? சட்டைக் கைய எறக்கி விட்டுட்டு வெரசா வா.”

மதுரை விமான நிலையத்தில் கேட்டார்கள். அவள் திரும்பி மாமாவைக் காட்டினாள். “யாருன்னு தெரியாதுங்க. பக்கத்து சீட்டுல வந்துச்சு” என்றபடி அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே மாமி. அப்சல் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் ஒருத்தியாகக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது, காரில் மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள்: “நாலும் போச்சே! நகைக்கடைக்காரருக்கு நான் என்னத்தச் சொல்ல?”

அவளுக்கென்று வாங்கிய வளையல் இல்லை. கடத்துவதற்கு ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“கல்யாணத்துக்கு ஆசப்பட்டு வாங்கினேன், சட்டம் தெரியாதுன்னு சொல்லிட்டு வா” என்றாள் மாமி, இப்போது கடையின் உள்ளேயிருந்து வந்து. “பொம்பளப் புள்ளைய என்ன செஞ்சுருவாங்க?”

“படிச்ச புள்ளைக்குச் சட்டம் தெரியாதுன்னா சிரிப்பாங்க, மாமி.”

“டிகிரி வாங்குனது எங்களுக்கு ரூல்ஸ் சொல்லவா?”

“சொன்னேனே. அப்பக் கேட்டிருந்தா இன்னிக்கு இந்தச் சோலியே இல்ல.”

தராசைத் தள்ளிவிட்டு ஒலியுல்லா நிமிர்ந்தார். “எம் பேரு வெளிய வந்துச்சு, இந்தக் கல்யாணம் கெடையாது. பாத்துக்க.”

அவள் அப்சலைப் பார்த்தாள். “மச்சான், நீங்களாவது வர்றீங்களா?”

அவன் தைலப் புட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அடுக்கியிருந்தவைதான். “அத்தா சொல்றபடி செஞ்சிரு, சப்ரின். பெறகு பாத்துக்கலாம்.”

“பெறகு என்னத்தப் பாக்குறது? அடுத்த தடவ எங்க போறதுன்னா?”

மாற்றுத்துணி வைத்த பையோடுதான் அவள் காலையில் வீட்டைவிட்டே கிளம்பியிருந்தாள். மாமா ஒருவேளை வருவாரோ என்ற நப்பாசை ஒன்று பாக்கி இருந்தது, அதுவும் ஒழிந்தது.

“யாருதுன்னு கேப்பாங்க. உங்க பேரச் சொல்லுவேன், மாமா. அப்புறம் மாமி பேரு. எந்த நகைக்கடைக்குன்னு கேட்டா அதையும் சொல்லுவேன்.”

“ஏய், நில்லு!” மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லாவைச் சுற்றி ஓடிவந்தாள்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற சுற்றுலாக்காரர்களைச் சப்ரின் முழங்கையால் விலக்கினாள். தெருவில் மூடுபனி இறங்கி, எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு மதுரைப் பேருந்து ஊர்ந்து வந்தது. அது நிற்பதற்குள் ஓடிப்போய்ப் படியில் ஏறினாள். கண்டக்டர் விசிலடித்தார். பின் கண்ணாடியில் கொஞ்ச நேரம் மாமியின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. பிறகு வெறும் வெள்ளை.