முப்பத்தொன்றாம் கையுறை

டிசம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன்னால், மார்லிஸ் பள்ளி முன்கூடத்து மரத்தில் தொங்கிய காகிதக் கையுறைகளை எண்ணினாள். அவள் வெட்டி ஒட்டியது முப்பது. மரத்தில் முப்பத்தொன்று இருந்தன. இன்னொரு முறை எண்ணினாள், இந்தத் தடவை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு. கூடுதலாக இருந்தது சுவரோரம், கீழ்க்கிளையில், குனிந்தால் மட்டும் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கியது. எண் 31. பெண், ஒன்பது வயது. பனிக்கால பூட்ஸ், அளவு மூன்று. பிடித்த நிறம் மஞ்சள். பச்சைப் பேனா. எழுத்து மார்லிஸின் எழுத்து.

இருபத்திரண்டு வருடமாக அந்த ஆரம்பப் பள்ளியின் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். ஹால்வர் ஊரில் அந்த மரத்தை எல்லோருக்கும் தெரியும். விடுமுறைக்கு முன்னால் கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டுமென்று ஒவ்வொரு காகிதத்திலும் எழுதித் தொங்கவிடுவார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யார் வேண்டுமானாலும் ஒன்றைப் பறித்துக்கொண்டு போய், வாங்கி, பையில் போட்டு, காகிதத்தை மேலே குத்திக் கொண்டுவந்து தரலாம். எந்த எண் எந்தப் பிள்ளை என்கிற பட்டியல் மார்லிஸின் மேஜை இழுப்பறையில், பூட்டுக்குள். போன வருடம் ரானி லிண்ட்கோயிஸ்ட் மரத்திலிருந்து ஒன்றைப் பறித்து, கடன்பட்டு ஒரு சறுக்குப் பலகை வாங்கிக் கொடுத்தான். பைகளைக் கொடுத்த வெள்ளிக்கிழமை அவன் மனைவி வீட்டுக்கு எடுத்துவந்த பையில் அதே பலகை இருந்தது. தன் பிள்ளைக்கே தர்மம் பண்ணிய ஆள் என்று சுரங்கத்தில் இன்னும் அவனை ஓட்டுகிறார்கள்.

அந்த ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அக்டோபரில் இரும்புச் சுரங்கம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் உதவிப் படிவத்தை நிரப்பியது நாலே குடும்பம். மற்ற இருபத்தாறையும் மார்லிஸ் தானே பார்த்து எழுதினாள். அதற்கு அவளுக்கு ஒரு வழி இருந்தது. முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைப் பார்ப்பாள். காலையில் பிள்ளைகள் வாசலில் பூட்ஸைக் கழற்றி ரப்பர் விரிப்பில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போவார்கள். எதில் பனி ஒழுகி உள்ளே போயிருக்கிறது, எதில் விரல் முட்டுகிறது, எந்தப் பிள்ளை ஈரம் படாமலிருக்கக் காலுறைக்கு மேலே பிளாஸ்டிக் ரொட்டிப் பையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். அப்புறம் குலுக்கலில் விழுந்தது என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிப் பையைக் கொடுத்தனுப்புவாள். பொய் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

முப்பத்தொன்று வருவது இது மூன்றாவது வருடம். முதல் வருடம் ‘ஏழு வயது, அளவு ஒன்று’ என்றிருந்தது. தானே தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்தாள். யாரோ பூட்ஸ் வாங்கி வைத்தார்கள், எடுத்துப்போக ஆள் வரவில்லை, வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தாள். போன வருடம் ‘எட்டு வயது, அளவு இரண்டு’. அப்போதும் பட்டியலில் முப்பத்தொன்று என்ற எண்ணே இல்லை. இந்த வருடம் காகிதத்தைப் பிய்த்து, நாலாக மடித்து, இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அடுத்த நாள் காலை அது மரத்தில் அதே கிளையில் தொங்கியது. மடித்த தடங்கள் அதில் இருந்தன.

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ட்வேனிடம் போய், இந்த மரத்துப் பக்கம் யாராவது வந்தார்களா என்று கேட்டாள். ட்வேன் பள்ளியின் காவல், துப்புரவு, கொதிகலன் எல்லாம் பார்க்கிறவன். அவளோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன்.

"என்னம்மா மார்லிஸ், நீதானே மாட்டிக்கிட்டு இருந்தே?" என்றான். "ஆறரைக்கு. கோட்டைக்கூடக் கழட்டல. குட்மார்னிங்னு ரெண்டு தடவை சொன்னேன், ஏறிட்டுப் பாக்கல. ராத்திரி தூங்கலையோன்னு விட்டுட்டேன்."

ஆறரைக்கு அவள் பத்து மைல் தள்ளித் தன் வீட்டு வாசலில், கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பான், அல்லது சிரிக்காமல் இருந்திருப்பான். இரண்டில் எதையும் தாங்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அந்தக் காகிதம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். போன வருடமே தெரியும். ஐவி ரஸ்க். மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் வகுப்பில் சேர்ந்த பெண். தகப்பன் எங்கிருந்தோ வந்து ஏரிக்கரையில் கோடைக்கென்று கட்டிய ஒரு மர வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, முழங்கால் வரை பனி கிடந்த காலையில், அவள் துணி ஷூவில் வந்தாள். உள்ளே ரொட்டிப் பைகள். மார்லிஸ் பார்த்தாள். ஆனால் பட்டியல் முடிந்துவிட்டிருந்தது, மரம் காலியாகிவிட்டிருந்தது, விடுமுறை முடியட்டும் முதல் வேலையாகப் பார்ப்போம் என்று இருந்துவிட்டாள். அன்று மத்தியானம் ஐவி அலுவலக ஜன்னலுக்கு வந்து நுனிக்காலில் எம்பி நின்றாள்.

"மிஸ், லீவுல ஸ்கூல் திறந்திருக்குமா?"

மார்லிஸ் சிரித்துவிட்டாள். இருக்காதுடா கண்ணு, லீவுன்னா எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க என்றாள். பெண் தலையை ஆட்டிவிட்டு, கழற்றிக் காயவைத்திருந்த ரொட்டிப் பைகளை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் வரவில்லை. வீட்டு எண்ணுக்கு அடித்தால் இணைப்பு இல்லை. ட்வேன் ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்துவிட்டு, வண்டி இல்லை, வாசல் பனியில் தடமும் இல்லை என்றான். பதினைந்து நாள் வராத பிள்ளையின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. காரணம் கேட்ட கட்டத்தில் மார்லிஸ் ‘ஊர் மாறிவிட்டார்கள்’ என்று அடித்தாள்.

ஊர் மாறிய பிள்ளைக்குப் புதுப் பள்ளியிலிருந்து ஒரு தாள் வரும். இன்னாரின் பள்ளிக் கோப்பு வேண்டும் என்று கேட்டு வரும். ஒரு வாரத்தில் வரும், சோம்பேறிப் பள்ளியென்றால் மூன்று மாதத்தில் வரும். இருபத்திரண்டு வருடத்தில் வராமல் போனது ஒன்றுதான். ஐவியின் கோப்பு கீழ் இழுப்பறையில் கடைசியாக இருக்கிறது. அதில் ஒரு தடுப்பூசிச் சீட்டு, ஒரு படம், கைரேகைபோலக் கோணலாக எழுதிய பெயர். ஒவ்வொரு செப்டம்பரிலும் மார்லிஸ் அதைத் தொட்டுப் பார்ப்பாள். யாராவது கேட்டுவிட்டால் போதும், ஐவி எங்கோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆகிவிடும். முன்பிருந்த தலைமையாசிரியரிடம் சொன்னபோது, இப்படியும் நடப்பதுண்டு என்றார். பள்ளி திறந்திருக்குமா என்று பெண் கேட்டதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நாற்பது மைல் ஓட்டிப் போய் மஞ்சள் பூட்ஸ் வாங்கினாள். கடைக்காரப் பெண் பேத்திக்கா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். பையில் போட்டு, 31 என்ற காகிதத்தை மேலே குத்தி, தன் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ரானியின் நினைவு வந்தது. எழுத்தும் தன்னுடையது, பறித்ததும் வாங்கியதும் தானே. கேலி பண்ணத்தான் ஆள் இல்லை.

விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் வீடுகளுக்கு அனுப்பும் பள்ளிச் செய்தித்தாளையும் அவள்தான் தயாரிப்பாள். ஒரே ஒரு பக்கம். இசை நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்கு நன்றி, கேட்பாரற்ற பொருள் மேஜையில் பதினான்கு ஒற்றைக் கையுறைகள், உணவுப் பைகள் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, பள்ளி மறுபடி திறப்பது ஜனவரி மூன்று. மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தாள். அது பிள்ளைகளின் பைகளில் வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை ஏழே முக்காலுக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது.

முதலில் பேசியவன் ஒரு தகப்பன். லீவுல வந்தா ஹோம்வொர்க் குடுப்பீங்களா என்று சிரித்தான். அவளுக்குப் புரியவில்லை. சிரிப்பு நின்ற பிறகும் அவன் தொலைபேசியை வைக்காமல் மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தான். மார்லிஸ் மேஜையில் கிடந்த பிரதியை எடுத்துப் பார்த்தாள். கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: ‘விடுமுறையிலும் கிழக்கு வாசல் திறந்திருக்கும். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரலாம்.’ அதற்குக் கீழே அவள் பெயர்.

தவறாக அச்சாகிவிட்டது, மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. கேட்டி யுங்க்விஸ்ட். மூன்றாம் வகுப்பு இரட்டையர்களின் அம்மா. கேட்க வேண்டியதை நேரே கேட்டு வழக்கமில்லாதவள்.

"மிஸ், ஒரு சந்தேகம். திறந்திருக்கும்னு போட்டிருக்கே, அது நிஜமா? இல்ல, இங்க ஹீட்டர் போயி ஒன்பது நாள் ஆச்சு. ஓவன் கதவைத் திறந்து வெச்சுதான் புள்ளைங்கள உக்கார வெக்கிறேன். ஸ்கூல் இருக்கற நேரம் ஓடிடுது. லீவுலதான் என்ன பண்றதுன்னு..."

இரட்டையர்களுக்கு நல்ல பூட்ஸ் இருந்தது. அதனால் மார்லிஸின் கண்ணில் அவர்கள் படவே இல்லை. பெருமையடித்துக்கொண்டிருந்த தன் வழி எத்தனை பேரைத் தவறவிட்டிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. "நிஜம்தான்," என்றாள். "வந்துடு கேட்டி. கிழக்கு வாசல்."

மத்தியானத்துக்குள் ஒன்பது பேர். மூன்று பேர் விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டார்கள். ஒருவர் தன் தங்கைக்காக என்றார், அவருக்குத் தங்கை கிடையாது. பன்னிரண்டரைக்குத் தலைமையாசிரியை கெல்சி செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது, வந்து இரண்டு வருடம்தான், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும்.

"மார்லிஸ், இதை யார் போட்டது? நீங்க இல்லன்னு சொல்லுங்க, போதும். கம்ப்யூட்டர் கோளாறுன்னு நான் இப்பவே எல்லாருக்கும் மெசேஜ் விட்டுடறேன்."

இல்லை என்று சொல்வது ரொம்ப எளிது, அதோடு உண்மையும்கூட. மார்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள். அதன் விளிம்புக்குக் கீழே, எம்பி நின்றால் மட்டும் தலை தெரிகிற இடத்தில், யாரும் இல்லை.

"நான்தான் போட்டேன்," என்றாள். "ஒன்பது பேருக்கு வாக்கு குடுத்துட்டேன். வேலையை விட்டு எடுக்கறதுன்னா ஜனவரில எடுத்துக்கோங்க. இப்ப கதவைத் திறந்து குடுங்க."

கெல்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மேலிடத்தோடு பேசினாள். வெளியே வந்தபோது காது சிவந்திருந்தது. உடற்பயிற்சிக் கூடம் மட்டும், காலை ஒன்பதிலிருந்து நாலு வரை, உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எழுதப்பட வேண்டும், நாலு மணிக்கு ஒரு ஈ காக்கை உள்ளே இருக்கக்கூடாது. இதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள். ட்வேன் கொதிகலனைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை முப்பது பைகளும் போயின. முப்பத்தொன்று மேஜைக்கு அடியிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. மார்லிஸ் கிழக்கு வாசலுக்கு உள்ளே ஒரு மேஜை போட்டு, நோட்டைத் திறந்து வைத்து, முப்பத்தொன்றாம் பையைக் காலருகே வைத்துக்கொண்டாள். கேட்டி முதல் ஆளாக வந்தாள், ஒரு பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கறியுமாக வேகவைத்து, சும்மா வரக்கூடாதே என்று. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றி விரிப்பில் வைத்துவிட்டுக் காலுறையோடு வழவழத்த தரையில் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். இருபத்துமூன்று பெயர்கள். ரானியின் பெண்ணும் இருந்தாள். கூடத்திலிருந்து பந்துச் சத்தமும் கூச்சலும் வந்தபடி இருந்தது, மார்லிஸுக்கு மூன்று வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. மத்தியானம் ஒரு முறை மட்டும், காபி எடுக்க எழுந்து போய்வந்தாள். இரண்டு நிமிடம் இருக்கும்.

மூன்றே முக்காலுக்குப் பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். மார்லிஸ் ஒவ்வொரு பெயராக அடித்தாள். விரிப்பு ஜோடி ஜோடியாகக் காலியாகிக்கொண்டு வந்தது. கேட்டி கடைசியாகப் போனாள், பாத்திரத்தைக் கழுவி, நாளைக்கும் உண்டுதானே என்று கேட்டுவிட்டு. நோட்டில் இருபத்துமூன்றும் அடிபட்டுவிட்டன. ட்வேன் கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டு, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தான்.

"எல்லாரும் போயாச்சு. பூட்டிடவா?"

மார்லிஸ் காலருகே கையை விட்டாள். பை இருந்தது, தட்டையாக. மேலே குத்தியிருந்த காகிதம் இல்லை.

"பூட்டாத ட்வேன்," என்றாள். "உள்ள இன்னும் ஒருத்தி இருக்கா."

அவன் இருட்டான கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தான். விரிப்பின் கடைசியில், சுவரோரமாக, ஒரு ஜோடி மஞ்சள் பூட்ஸ் முனை உள்பக்கம் பார்க்க நின்றது. முழங்கால் உயரப் பனியில் நடந்து வந்ததுபோல மேல்விளிம்பு வரை பனி அப்பி, இப்போதுதான் உருகத் தொடங்கியிருந்தது. பூட்ஸின் மேல் ஒவ்வொன்றாக, காய்வதற்காக உதறி விரித்துப் போட்டிருந்த இரண்டு ரொட்டிப் பைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.