வழவழவென்று ஏழு நிறம்

தெருவில் அவருக்குப் பெயர் ஸ்டியரிங். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன். அந்தக் கையில் ஊசியைக் கொடுத்தால் என்ன ஆகும்? மூன்று வாரத்தில் ஒரு விரல் பாக்கியில்லாமல் குத்து வாங்கினார். ஆனாலும் விடவில்லை, பிடிவாதம் பிடித்த ஆள்.

எல்லாம் மனைவிக்காகத்தான். நாலு தெருவுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த தையல்காரி அவள். சர்க்கரை வியாதி அவள் கண்ணைப் பறித்து ஆறு மாதமாகிறது. பார்வை போன புதிதில் ஒரு தலையணை உறையைத் தடவித் தடவித் தைத்தாள். தையல் கோணல்மாணலாகப் போனது. பார்த்த மகள், "சூப்பரா இருக்கும்மா" என்றாள். எதிர்வீட்டுக்காரி, "கண்ணு தெரிஞ்சவளுக்குக்கூட இப்படி வராது" என்று உருகினாள். இவரும் தன் பங்குக்கு "பிரமாதம்" என்றார். அவளோ தையலை விரலால் ஒருமுறை வருடிப் பார்த்தாள். ஊசிப் பெட்டியை மூடிவைத்தாள். அதோடு சரி, தையலும் நின்றது, பேச்சும் சுருங்கியது. அவள் மறுபடி ஊசியைத் தொட்டால் போதும் என்று கிடந்து தவித்தார் மனுஷன்.

சுவரில் மாட்ட ஓர் அலங்காரம் செய்து காட்டினால் அவளுக்கும் கை துறுதுறுக்கும் என்று நினைத்தார். உடைந்த மாப்புக் கட்டையை ஒரு முழத்துக்கு அறுத்தார். கடைக்குப் போய் ஏழு நிறத்தில் சாட்டின் ரிப்பன் வாங்கி வந்தார். நுனி பிரியாமலிருக்க மெழுகுவத்தியில் காட்டிக் காட்டி, வரிசையாகக் கட்டையில் தைத்துத் தொங்கவிட்டார். பார்க்கக் கண்ணைப் பறித்தது.

கொண்டுபோய் அவள் மடியில் வைத்தார். "நானே தைச்சது!"

அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"எல்லாம் ஒண்ணுதானேங்க? வழவழன்னு இருக்கு."

"ஒண்ணா? நல்லாப் பாரு, ஏழு கல..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். மடப்பயல்! பார்வையில்லாதவளுக்குப் பார்த்துப் பார்த்து நிறத்தையா வாங்கி வருவான் ஒருத்தன்? முகத்தில் ஈயாடவில்லை. வெட்கமும் துக்கமுமாகச் சத்தமில்லாமல் அழுதார்.

"மூக்கை உறிஞ்சாதீங்க" என்றாள் அவள். "பீரோ மேல துண்டுத்துணி மூட்டை இருக்கும். எடுங்க."

மூட்டையைப் பிரித்து முழங்கைவரை கையை விட்டாள். வெல்வெட், லேஸ், சாக்கு, பழைய துவாலை என்று விரலுக்கு விரல் வேறுபட்டதையெல்லாம் தேடி எடுத்தாள். அந்தத் துணிகளுக்கு இடம்விட அவர் ஒன்று விட்டு ஒன்றாக ரிப்பனைப் பிரித்தார், நூல் கோத்துக் கொடுத்தார். அவள் தைத்தாள். ஆமாம், தைத்தாள்! ஸ்டியரிங் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாளில் முடிந்தது. தூக்கிப் பிடித்தார். ஆரஞ்சு ரிப்பனுக்குப் பக்கத்தில் பாசிப்பச்சை வெல்வெட். மஞ்சளை ஒட்டி ரோஸ் லேஸ். நடுவில் அழுமூஞ்சிச் சாக்கு.

"எப்படி இருக்கு?" என்றாள். ஊசி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

'பிரமாதம்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார். போன தடவை கோணல் தையலை அவள் விரல் கண்டுபிடித்துவிட்டது, நிறத்தை எந்த விரல் கண்டுபிடிக்கும்? இவர் சொல்வதுதான் அவளுக்கு நிறம்.

"சொல்லிடட்டுமா?"

"ம்."

"மகா கண்றாவி. லாரிக்காரன்கூட இதை வண்டியில கட்ட மாட்டான்."

கெடுத்துவிட்டோமே என்று நினைத்தார். திடீரென்று அவள் சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஆறு மாசமா இந்த வீட்டுல யாராவது எங்கிட்ட ஒரு உண்மை பேசினீங்களா? கண்ணுதான் போச்சு, தொழிலுமா மறந்துபோச்சு எனக்கு?"

அவர் அலங்காரத்தை அவள் மடியில் விரித்து வைத்தார்.

"எது எதோட சேரலை, சொல்லுங்க."

"ஆரஞ்சுக்குப் பக்கத்துல அந்தப் பச்சை. அப்புறம் அந்தச் சாக்கு..."

"பிரிங்க எல்லாத்தையும். இந்தத் தடவை கலரைச் சொல்லிச் சொல்லிக் கொடுங்க. தையல்காரி வீட்டுச் சுவத்துல இதை மாட்டினா என் மானம்தான் போகும்."