பொட்டு வைத்த ஹோல்டர்

மைசூரு தொழிற்பேட்டையில், அந்தப் பட்டறையில் அய்யாசாமிக்குப் பதினைந்து வருட சர்வீஸ். மலை உச்சியிலுள்ள பெரிய தொலைநோக்கியின் கேமராவுக்கு லென்ஸ் ஹோல்டர் கடைந்து கொடுத்தவர் அவர்தான். இப்போது அந்தக் கேமராவைப் புதுப்பிக்கிறார்கள். புது ஹோல்டர் செய்யும் வேலையை நேற்று முளைத்த மனிஷாவிடம் கொடுத்துவிட்டார்கள். கொள்ளேகாலத்துப் பெண், எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அவருக்கு வயிறு எரிந்தது.

ஆயுத பூஜையன்று பூஜை மேசையில் ஒரு ஹோல்டர் சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. எதிரே மனிஷா கைகூப்பி நின்றாள். வேறு யாருடையதாக இருக்கும்? அய்யாசாமிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. துளி தூள் ஒட்டியிருந்தாலும் லென்ஸில் போய்ப் படியும், சோதனையில் மானம் போய்விடும். ஒரு வார்த்தை சொன்னால் துடைத்துவிடுவாள். அவர் பொரியை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

தசரா விடுமுறை முடிந்து சோதனை நடந்தது. புது ஹோல்டர் ஒரு குறையுமில்லாமல் தேறிவிட்டது.

“பொட்டு வெச்சும் எப்படிம்மா தேறுச்சு?” வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

“என்னுதுக்குப் பொட்டு வெப்பனாங்ண்ணா? தூள் லென்ஸுக்குப் போயிருமே! அது மலையிலிருந்து கழட்டிட்டு வந்த உங்க ஹோல்டருங்ண்ணா. அதைப் பார்த்துத்தான் நான் பண்ணுனேன். அதான் கும்பிட்டேன்.”

தன் கையால் கடைந்ததை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நியாயமாக அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பாழாய்ப்போன வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.